தொண்ணூற்றைந்துக்குள்

தொண்ணூற்று மூன்று.

திரையின் மூலையில் அந்த எண் சிவப்பாக நின்றது. இன்னும் இரண்டு டிகிரி ஏறினால் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும். ஆட்டம் தொடங்கி ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது. குறைந்தது பதினைந்து நிமிடமாவது தாக்குப்பிடிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டை அவன் காலையிலேயே கழற்றி வைத்துவிட்டான். கழற்றி என்ன பயன்? வேலூர், மே மாதம், மதியம் மூன்று மணி. தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே இருந்த சூட்டுக்கு வெளியே இருந்த சூடு துணைக்கு வந்ததுதான் மிச்சம்.

பிராசஸரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடையில் இருந்ததிலேயே மலிவானதைத் தேடி எடுத்தவன் அவன்தான். இதில் வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் போகிறபோக்கில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அட்டைப்பெட்டியில் போட்டிருந்த வேகம் மூன்று புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸ். ஒரு வாரம் மல்லுக்கட்டி நான்கு புள்ளி இரண்டுக்கு ஏற்றினான். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் திரை கறுத்துப்போகும். மறுபடி வெளிச்சம் வரும்வரை மூச்சுவிட மாட்டான்.

பழைய வேகத்துக்கு இறக்கினால் சூடு தணியும். ஆனால் படம் திக்கும். கம்ப்யூட்டர் கேம் டீம் ஒன்றுக்கு ஆளெடுக்கப் போன மாதம் நடந்த தேர்வில் அப்படித்தான் திக்கியது. எதிரி எங்கே என்று தெரிவதற்குள் ஆட்டத்தில் இவன் கதை முடிந்திருந்தது. அந்தக் கோயம்புத்தூர் டீம் வேறொருவனை எடுத்துக்கொண்டது. அவனும் நிலைக்கவில்லை என்பதால் இன்று இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள்.

எடுத்துக்கொண்டால் மாதச் சம்பளம்.

வேலை போய் எட்டு மாதம். மனைவி வளர்மதி மட்டும் ஷூ கம்பெனிக்குப் போய் வருகிறாள். ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. அதுதான் அவனைக் குத்தியது.

தொண்ணூற்று நான்கு.

அறையில் இருப்பது ஒரே ஒரு ஸ்டாண்டு ஃபேன். அது பாயில் தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பதினோரு மாதம்.

ஆட்டத்தில் ஒரு சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, எட்டி, ஃபேனின் தலையிலிருந்த குமிழை அழுத்தினான்.

ஃபேன் தயங்கித் தயங்கித் திரும்பத் தொடங்கியது. மகளிடமிருந்து கம்ப்யூட்டருக்கு. கம்ப்யூட்டரிலிருந்து மகளுக்கு.

எண்பத்தெட்டு.

தொண்ணூற்று மூன்று.

எண்பத்தெட்டு.

இரண்டு சுற்றிலேயே அவனுக்கு வித்தை பிடிபட்டுவிட்டது. காற்று இந்தப் பக்கம் வரும்போது சண்டைக்குப் போக வேண்டும். அந்தப் பக்கம் போனதும் பதுங்கிக்கொள்ள வேண்டும். ஃபேனைப் பார்த்துப் போர் புரிந்தவன் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். சிரிப்பதற்கு நேரமில்லை.

ஒருவனைச் சுட்டான். பதுங்கினான். காற்று வந்தது. இன்னொருவனைச் சுட்டான்.

கூட விளையாடியவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசியில் எதிரணியில் ஒருவன். இந்தப் பக்கம் இவன் மட்டும்.

ஹெட்போனில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆட்டத்தில் மேல்மாடிப் படிக்கட்டில் எதிரியின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது பார்த்து ஃபேன் மகள் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

தொண்ணூற்று மூன்று.

தொண்ணூற்று நான்கு.

வா, வா என்று பல்லைக் கடித்துக்கொண்டான். ஃபேனுக்கு என்ன அவசரம். போன வழியே நிதானமாகத் திரும்பி வந்தது.

கம்ப்யூட்டருக்கு நேராக வந்ததும் குமிழை மேலே இழுத்தான்.

ஃபேன் மேலும் திரும்பாமல் கம்ப்யூட்டரைப் பார்த்தே ஓடியது.

ஒரு நிமிடம்தான் என்று சொல்லிக்கொண்டான்.

எண்பத்தேழு. எண்பத்து மூன்று. எழுபத்தொன்பது. படம் எண்ணெயில் வழுக்குவது போல ஓடியது. அந்த வேகத்தில் அவன் இதுவரை விளையாடியதே இல்லை.

எதிரி லேசுப்பட்டவன் இல்லை. பாதிப் படி இறங்கி நின்றான். போக்குக் காட்டிவிட்டுப் பின்பக்கமாக வந்தான். இவன் ஜன்னலேறிக் குதித்தான். ஒரு நிமிடம் என்றது ஆறு நிமிடமாக நீண்டது. முதுகில் வேர்வை ஓடியதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

மிச்சமிருந்தது இரண்டு தோட்டா. முதலாவது சுவரில் பட்டது.

இரண்டாவது பட வேண்டிய இடத்தில் பட்டது.

ஹெட்போன் அதிர்ந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கூச்சலுக்கு மேலே கேப்டனின் குரல் வந்தது.

"பின்னிட்டீங்க ப்ரோ! ஒண்ணாந்தேதி இங்க கிளம்பி வந்துருங்க."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு வளர்மதியிடம் சொல்ல ஒரு சேதி. சாயங்காலம் அவள் வரும்வரை பொறுக்க முடியாது. இப்போதே சொல்ல வேண்டும், மகளைத் தூக்கிவைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டுத் திரும்பினான்.

மகள் விழித்திருந்தாள்.

தூங்கி எழுந்தால் ஊரைக் கூட்டுகிறவள், சத்தமே போடாமல் பாயில் உட்கார்ந்திருந்தாள். முடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. முகம் சிவந்துபோயிருந்தது. எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாள் என்று தெரியவில்லை. ஃபேன் போய்ப்போய்த் திரும்பி வந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்ற ஃபேனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரும் என்று காத்திருந்தாள்.