குழாய்க்குள் காற்று

"'எனக்குச் சேறு கலந்த டீசல ஊட்டிப் படுக்க வெச்சவ நீதான்'னு இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லுவ?" என்று டீசல் டாங்கி எஞ்சினைக் கேட்டது.

"உசிர் இருக்கிற வரைக்கும் சொல்லுவேன்க்கா."

பழைய பாய்மரப் படகின் வயிற்றுக்குள் பதினோரு வருஷமாக இதே பாட்டு. இரண்டுக்கும் வாய் வலித்ததே இல்லை.

இன்று மெக்கானிக் பிலோமினா வந்து டாங்கியைக் கழுவினாள், வடிகட்டியை மாற்றினாள், புது டீசல் ஊற்றினாள். அப்படியும் எஞ்சின் இருமியதே தவிர ஓடவில்லை. இன்று ஓடாவிட்டால் கழற்றிக் கரையில் போட்டுவிடுவார்கள்.

"இப்போ யாரைக் குத்தம் சொல்லுவ?" என்றது டாங்கி.

பிலோமினா குழாயிலிருந்த சின்னத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினாள். வடிகட்டி மாற்றும்போது புகுந்த காற்று நுரைநுரையாக வந்தது. புது டீசல் ஊற்றியும் ஓடாததற்கு இந்தக் காற்றுதான் காரணம். நுரை நின்றதும் திருகை இறுக்கிச் சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் ஓடியது. பலகையெல்லாம் அதிர்ந்தது. தன்னிடமிருந்து நூல்போலப் போகிற டீசல், அந்தப் பக்கம் தீயாகி, இவ்வளவு பெரிய படகையே கடலுக்குள் தள்ளிக்கொண்டு போவதை டாங்கி பார்த்தது.

பிறகு மெதுவாகச் சொன்னது: "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோயேன், தங்கச்சி."