ஸ்டேடியத்தில் அலறியவர்

"அந்தச் சத்தம் போட்டது நான்தான் ஆர்த்திம்மா. வேணும்னா இப்பக் கத்திக் காட்டட்டுமா?" என்றார் முனியராஜ்.

ஆர்த்திக்கு அலுத்துவிட்டது. காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டு மாடியேறி வந்தவர்களில் ஒருவர் குரல்கூட ஒத்துப்போகவில்லை. வெம்பக்கோட்டைக்காரர் ஒருவர், தொண்டை கட்டியிருக்கிறது, அடுத்த வாரம் கத்துகிறேன் என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு முன் 'சுடுமணல்' என்ற ராக் குழு, பெரிய பெரிய ஸ்டேடியமாகப் பிடித்து ஊர் ஊராகச் சுற்றியது. மேடையையே லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்புட்டு ஆசை! மதுரையில் கடைசிப் பாட்டின் நடுவே விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மேடையில் படாரென்று வெடி வைத்தார்கள். அந்த இருட்டில் கூட்டத்திலிருந்து ஒருவர் அலறினார்.

"ஏலே, எல்லாரும் வெளிய ஓடுங்கலே! ஓடுங்கலே!"

ஒருத்தரும் ஓடவில்லை. இதுவும் பாட்டில் ஒரு வரி என்று நினைத்து மொத்த ஸ்டேடியமும் திருப்பிக் கத்தியது. டிரம்ஸ்காரர் அந்தத் தாளத்தையே பிடித்துக்கொண்டார். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது.

"அந்த டூர் மாதிரி இனிமே எவனும் நடத்த முடியாது" என்று பெருமூச்சு விட்டபடி, கூடவே தேடிக்கொண்டிருந்த அச்சுப் பிரஸ்காரர் மகன் ஹரிஷ்குமார் அந்த ஒலிப்பதிவைப் போனில் மறுபடி ஓடவிட்டான். அவனுக்கு அந்த இடம் வந்தால் இன்னும் கண் கலங்கும்.

பிரிந்து போன குழு இப்போது மறுபடி சேர்ந்து மதுரைக்கு வருகிறது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் மேடையேறிக் கத்த வேண்டும் என்று அறிவித்தும் விட்டார்கள். பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு என்பதால், தேடும் வேலை சிவகாசி ரசிகர்கள் தலையில் விழுந்தது.

ஆர்த்திக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. போன தடவை அப்பா போகக் கூடாது என்று சொல்லிவிட்டதால், காரியாபட்டியில் சிநேகிதி கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் போனாள். அது இன்றுவரை உறுத்துகிறது. இந்தத் தடவை சொல்லிவிட்டே போக வேண்டும். மேடையேறுகிறவரைக் கூட்டிப்போகும் பொறுப்பு என்றால் அப்பா மறுக்க மாட்டார். ஆனால் ஆள் கிடைக்க வேண்டுமே?

அப்பா ரத்தினசாமிக்குப் பட்டாசுக் கம்பெனி. கீழேதான் ஆபீஸ். அந்தப் பாட்டைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவார். அந்த மனுஷருக்கு இதிலெல்லாம் என்ன ரசனை என்று ஆர்த்தியும் விட்டுவிட்டாள்.

"சரி, கத்துங்கண்ணே" என்றாள்.

முனியராஜ் கண்ணை மூடிக்கொண்டு முழு மூச்சோடு கத்தினார். குரல் கீச்சென்று போனது. ஹரிஷ் சிரிப்பை அடக்கப் பார்த்தான்.

அதற்குள் கீழே நாற்காலிகள் உருளும் சத்தம். பின்னாலேயே ஒரு அலறல்.

"ஏலே, எல்லாரும் வெளிய ஓடுங்கலே! ஓடுங்கலே!"

ஹரிஷ் அவசரமாகப் போனைப் பார்த்தான். அது ஓடவில்லை.

மூவரும் இறங்கி ஓடினார்கள். ஆபீஸ் ஆட்கள் மொத்தப் பேரும் தெருவில் நின்றார்கள். ஒற்றைச் செருப்போடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ரத்தினசாமி, எங்கே தீ என்று கேட்டார். தீ இல்லை, சும்மா கத்திப் பார்த்தோம் என்று சொல்லவும், பட்டாசு ஊரில் கத்திப் பார்க்கிற சத்தமா இது என்று முனியராஜைப் பிடிபிடியென்று பிடித்தார்.

ஆர்த்தி அவர் எதிரே போய் நின்றாள்.

"அப்பா, அன்னைக்கு நீங்களும் மதுரை ஸ்டேடியத்துக்கு வந்தீகளா?"

ரத்தினசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"காரியாபட்டில எந்த வீட்லயும் கல்யாணம் இல்லைன்னு தெரிஞ்சப்புறம், நான் வேற எங்கன தாயி போவேன்?" என்றார். "வெடிச்சதும் உன்னய வெளிய கொண்டுவரத்தான் அந்தக் கத்துக் கத்துனேன். நீ என்னடான்னா, முன்னால நின்னு துள்ளிக் குதிச்சு அதையே திருப்பிக் கத்துற."