டோடோவுக்கு ஒரு குரல்

பச்சைப் பொத்தானை முதலில் அழுத்தியது, முன்பல் விழுந்த ஒரு சிறுமி.

கண்ணாடிக்குப் பின்னால் நின்ற டோடோ பறவை குரல் கொடுத்தது. அடிவயிற்றில் கிளம்பி, தொண்டையில் கரகரவென்று உருண்டு, கடைசியில் விக்கல் மாதிரி ஒரு துள்ளல்.

 அருங்காட்சியகத்தின் புதுக் கூடத்தில் பிள்ளைகள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பொத்தானுக்கு அடிதடியே தொடங்கிவிட்டது.

கூடத்தின் கோடியில் மாமனாருக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒலிப்பதிவுக்காரிக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

டோடோவுக்கு உடம்பு செய்தவர்களுக்குக் கவலை இருக்கவில்லை. எலும்புகள் இருந்தன, பழைய ஓவியங்கள் இருந்தன. வாத்து இறகை ஒட்டி, கொழுகொழுவென்று ஒன்றை நிறுத்திவிட்டார்கள். குரல்தான் வம்பு. டோடோ பூண்டோடு அழிந்து முந்நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அதைக் கேட்ட காது ஒன்றுகூட இப்போது இல்லை.

புறாவுக்குச் சொந்தக்காரப் பறவையாமே என்று ஒலிப்பதிவுக்காரி புறாவின் சத்தத்தை இழுத்து மெதுவாக்கிப் பார்த்தாள். அருங்காட்சியகக் காப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். வாத்தையும் நெருப்புக்கோழியையும் கலந்து கொண்டுபோனாள்.

"ஸ்டார்ட் ஆகாத பைக் மாதிரி இருக்கும்மா" என்றார்.

வேலை கையை விட்டுப் போகப்போகிறது என்று அவள் முடிவே கட்டிவிட்ட நேரத்தில்தான் இந்தச் சத்தம் கிடைத்தது. கேட்டதும் காப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி போடச் சொன்னார். எந்தப் பறவை என்று துருவித் துருவிக் கேட்டார். அவள் மூச்சுவிடவில்லை.

இன்று மாமனார் அவளுக்கு முன்பே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றதுதான் ஆச்சரியம். ஒருகாலத்தில் மீன் சந்தையில் ஏலம் விட்டவர். அவர் கூப்பிட்டால் அடுத்த தெருவில் கதவு திறக்கும் என்பார்கள். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆன பிறகு வெளியாட்கள் முன்னால் வாயே திறப்பதில்லை. கடைக்காரருக்கு விரல் சைகை, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலையாட்டல். அவ்வளவுதான்.

பிள்ளைகள் அழுத்திய அழுத்தலில் பொத்தான் செத்துப் போயிற்று.

அப்போது வரிசையில் நின்றது, அப்பா கையைப் பிடித்த ஒரு வாண்டு. அழுத்தியது. ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் அழுத்தியது. முழங்கையால் இடித்தது. கடைசியில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு டோடோவை அண்ணாந்து பார்த்தது.

"எல்லார்கிட்டயும் பேசின இல்ல? என்கிட்ட மட்டும் என்ன கோவம்?"

டோடோ கத்தியது.

எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சத்தம் பின்னாலிருந்து வந்திருந்தது. ஒலிப்பதிவுக்காரியின் பக்கத்தில், மாமனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அது கத்தல் இல்லை. அவருடைய சிரிப்பு.

பைக் சத்தத்தோடு அவள் சமையலறை மேசையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அன்று, பின்னால் நின்று கேட்டவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். உடனே இதேபோல வாயைப் பொத்தினார். பதிவு செய்யட்டுமா என்று அவள் கேட்கவே இல்லை. சற்று நேரம் கழித்து மைக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி சிரித்தது அவர்தான். வெளியே சொல்லக் கூடாது என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டியதும் அவர்தான்.

இப்போது கூடம் முழுக்க அவரையே பார்த்தது. அவர் முகம் சிவந்தது. வாசல் எந்தப் பக்கம் என்று கண் தேடியது.

"மாமா, போயிடலாமா?" என்றாள் அவள், மெதுவாக.

வாண்டு அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அவர் வேட்டி நுனியைப் பிடித்துவிட்டிருந்தது.

"அப்பா, ஓடி வா! இங்க ஒண்ணு உயிரோட இருக்கு!"

மாமனார் வாயிலிருந்து கையை எடுத்தார்.