இருபது பைகள்

முதல் வேங்கை மரத்தின் உச்சிக்குப் போனபோதே கொளஞ்சிக்கு முழங்கால் இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தது. இன்னும் பத்தொன்பது மரம் ஏறவேண்டும். மலை முழுக்கச் சுற்றி, மரத்துக்கு ஒரு பையாக விதை கொண்டுவரச் சொல்லியிருந்தார் வனவர். "எல்லாம் ஒரே மரத்துப் புள்ளைங்களா இருந்தா, ஒண்ணுக்கு வர்ற சீக்கு அத்தனைக்கும் வரும்யா" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். கொளஞ்சி இறங்கவில்லை. அடுத்த கிளைக்கு நகர்ந்து உலுக்கினான். இருபது பைகளும் அந்த ஒரு மரத்திலேயே நிறைந்தன. பைகளில் எண்களை மட்டும் ஒழுங்காக எழுதினான்.

ஆறு வருடம் கழித்து, அந்த விதையில் முளைத்து மலைச்சரிவில் ஆள் உயரம் தாண்டிய கன்றுகளின் இலையில் கரும்புள்ளி விழுந்தது. ஒரே மாதத்தில் சரிவு முழுக்க விறகாகிப் போனது. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அவற்றை வளர்த்த அஞ்சலை ஒரு குச்சியைக் கிள்ளிப் பார்த்தாள். உள்ளேயும் பச்சை இல்லை.

"இருபது மரத்துப் புள்ளையில ஒண்ணுகூடவா தாங்காது? என் கைதான் வெளங்காத கை போலண்ணே."

"உன் கைக்கு என்ன" என்றான் கொளஞ்சி.

"நீயும் பாவம். இருபது மரம் ஏறுன காலு, நிக்காத, உக்காரு" என்று பாறையில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

அவன் உட்காரவில்லை. எதிரே மலையில் வேங்கைகள் காய் முற்றி நின்றன. பத்தொன்பது மரத்து விதை அவன் இன்னும் தரவேண்டியிருந்தது.