முன் அனுபவம்

மத்தியான வெயில் சாப்பாட்டு மேசைவரை வந்துவிட்டது. பிளாஸ்டிக் விரிப்பு சூடேறி முழங்கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. சோப்பும் சென்ட்டும் விற்கும் கடையில் விற்பனைப் பெண் வேலைக்கு, நாற்பத்திரண்டு வயதில் அவள் விண்ணப்பக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். வேலை போய் நான்கு மாதமாக வீட்டில் இருக்கும் கணவன் எதிரே உட்கார்ந்து, பல் குத்திக்கொண்டே வரி சொல்கிறான். "'வாடிக்கையாளரோட சிரிப்புதான் என் மூச்சு'ன்னு போடு." எழுதுகிறாள். நாக்கில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்ததுபோல் இருக்கிறது. "'சென்ட்டுன்னா சின்ன வயசுலேர்ந்தே எனக்கு உயிரு'ன்னும் சேத்துக்க." அதையும் எழுதுகிறாள். பல்லிடுக்கிலிருந்து எடுத்ததை அவன் மேசை ஓரத்தில் தேய்க்கிறான். முன் அனுபவம் என்று எழுதியதும், அவன் வாய் திறக்குமுன் அவள் பேனா ஓடுகிறது: 'படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாருக்குப் பதினோரு வருடம் பீயும் மூத்திரமும் அள்ளினேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.' எட்டிப் பார்த்தவனின் முகம் கோணுகிறது. "ஐயே! இதையெல்லாமா எழுதுவாங்க? அசிங்கமா இருக்கு, அடிச்சிடு." அவள் நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள். தன்னைப் பெற்ற அப்பா கிடந்த அறையின் வாசலோடு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போன முகம் அது. அந்த அறைக்குள் ஒருநாளும் வராத அருவருப்பு இப்போது வருகிறது. "அது உங்கப்பாங்க," என்கிறாள். பிறகு நாற்காலியை அவனிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு, எதையும் அடிக்காமல் கீழே கையெழுத்துப் போடுகிறாள்.