கற்பனைக் கரடி

பென்னாகரம் பள்ளியில், சிறுவர்களுக்குச் சிரிப்புக் கதைகள் எழுதும் கலைமதி பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். விசில் சத்தத்திலேயே பள்ளியை நடுங்கவைக்கும் பி.டி. மாஸ்டர் ரஞ்சித்குமாருக்கோ, எப்போதடா முடியும் என்றிருந்தது.

"மேடம், பல்லியப் பார்த்தா பீரோ மேல ஏறிக்குமே உங்க குண்டுக் கரடி, அது நெசமாவே இருக்குதுங்களா?" என்றாள் அன்ஜும்.

"இல்ல கண்ணு, எல்லாம் கற்பனை."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விறைப்பாக அன்ஜுமிடம் போனார். "கையில என்னத்த ஒளிச்சு வெச்சிருக்க? குடு இப்படி!"

"மேடத்துக்கு கிஃப்ட் சார்" என்று விரித்துக் காட்டினாள். ரப்பர் பல்லி.

அடுத்த நொடி மாஸ்டர் மேசைமேல் நின்றார். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

கலைமதி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏங்க, பார்த்து இறங்குங்க. நம்ம வூட்டு பீரோ மாதிரி இந்த மேசை தாங்காது!"