பச்சை மை

எம்.டெக் மாணவர்களை மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்கு அழைத்திருந்த வெளிநாட்டு விண்வெளி ஆய்வு மையம், பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தது.

"எனக்கு எங்கம்மா நேரம்? நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்றார் குற்றாலிங்கம் சார்.

என்னை நானே புகழக் கூச்சமாக இருந்தது. உண்மையை மட்டும் எழுதினேன்: 'செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கும் ஆண்டெனாவை இந்த மாணவி தனியாக வடிவமைத்தார்.' சார் பச்சைப் பேனாவால் 'தனியாக' என்பதை அடித்துவிட்டு, மேலே 'என் வழிகாட்டுதலில்' என்று எழுதினார். அந்த ஆண்டெனா நிற்கும் மொட்டைமாடிக்கு இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் ஏறியதில்லை.

"மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்காத. இன்னைக்குத்தான கடைசி நாள்? திருத்தி எடுத்துட்டு வா."

பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இந்த ஆண்டெனாவைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் நானே பதில் சொல்கிறேன். தயங்காமல் அழையுங்கள்.' அதன் கீழே அவருடைய கைபேசி எண்.

சார் தன் திருத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

"ஆல் த பெஸ்ட்மா."

"உங்களுக்கும் சார்" என்றேன்.